படல்ல தானே?

மகன், மகள், ரெண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து இதை வாசிங்க.

போன கிழமை பெரியம்மா வீட்டுக்குப் போய்த் திரும்புறப்ப, தெல்தெனிய பஸ் ஸ்டேண்டில் டைம் கீப்பர் உட்கார்ற பலகைப் பெட்டிக்குள் இருந்து ஒரு பெரிய உடம்புக்காரர் என்னைக் கூப்பிட்டுக் கை காட்டினாரே, அவரைப் பத்தித்தான் எழுதுறேன். "அப்பா, அந்த மாமா அதுக்குள்ள எப்படிப் போனாரு? அவரை உட்கார வச்சிட்டுத்தான் சுத்திப் பலகை அடிச்சாங்களா?" என்று மகன் கேட்டாய். தங்கச்சி குலுங்கிக் குலுங்கிச் சிரிச்சாள். நல்ல பகிடிதான், எனக்கும் சிரிப்பு வரப் பார்த்தது. உங்களை ஏசுறதுக்கு இதை எழுதல்ல. அந்த மனுசனைப் பெட்டிக்குள்ள மட்டும் பார்த்த பிள்ளைகளா நீங்க இருந்திடக் கூடாது, அவ்வளவுதான்.

அவர் பேரை எழுத மாட்டேன். அவர் எடுக்கிற மருந்தைப் பத்திச் சொல்ல வேண்டியிருக்கு. அதைப் பேரோட சேர்த்து ஊருக்குக் குடுக்க எனக்கு உரிமை இல்லை. எங்க ரூட்டில் அவருக்கு 'ஊசி' என்று பட்டப்பேர். கண்டி–தெல்தோட்டை பஸ்ஸில் நான் டிரைவர், அப்போ அவர் கொண்டக்டர்.

ஏன் ஊசி என்றால், அவர் போற போக்கு அப்படி. எங்க பஸ் சின்ன பஸ். பள்ளிக்கூடம் விடுற நேரத்தில் ஏறினால், கையைத் தூக்கினவன் தூக்கினபடிதான் கலஹா வரைக்கும் வரணும். அந்தச் சனத்துக்குள் அவர் பின் கதவால் நுழைஞ்சு முன் கதவால் வெளியே வருவார். இடிச்சுத் தள்ளி இல்லை. டிக்கெட் மெஷினைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடிப்பார், ஒரு தோளை முன்னால் விடுவார், மூச்சை உள்ளே இழுப்பார், அந்தப் பக்கம் போயிருப்பார். பெண்கள் நிக்கிற இடத்தைத் தாண்டினதும் திரும்பி, "படல்ல தானே அக்கா?" என்று கேட்பார். "படல்ல தம்பி" என்று பதில் வரும். சிங்கள அம்மாமாரிடம் அதையே சிங்களத்தில் கேட்பார். சில பேர் அவர் கேட்கிறதுக்கு முன்னாலேயே "படல்ல, படல்ல, போ" என்று சிரிச்சுக்கிட்டே சொல்லிடுவாங்க.

"எல்லா கொண்டக்டரும் இடிச்சுக்கிட்டுத்தான் போறானுக. உனக்கு மட்டும் ஏன் தம்பி இந்தப் பாடு?" என்று ஒருக்கா கேட்டேன்.

"நாளெல்லாம் மலையில கொழுந்து பறிச்சு நின்னுட்டு வாற பொம்பளைக்கு அண்ணே, பஸ்ஸில கால் வைக்கிற அந்த இடம் மட்டுந்தான் சொந்தம். அதுலயும் நான் போய் ஏறி நிக்கவா?"

அது மாதிரி இன்னொரு பழக்கம். எங்க பஸ்ஸில் மணிக் கயிறு அறுந்து தொங்கினது. முதலாளி கட்டித் தரல்ல, இவரும் கேட்கல்ல. மேல் கம்பியில் தன் கல்யாண மோதிரத்தால் தட்டுவார். நிப்பாட்ட ஒரு தட்டு, போக ரெண்டு தட்டு. டிரைவர் முன்னால் பார்க்கிற ஆள். வருசக்கணக்கில் ஒரே பஸ்ஸில் இருந்தும் எனக்கு அவர் முகத்தை விட மோதிரச் சத்தம்தான் பழக்கம். சத்தத்திலேயே தெரியும், இன்னைக்கு மனுசன் சந்தோசமா, பசியா, அவசரமா என்று.

அந்த மோதிரத்தைப் போட்டுவிட்ட மனைவி குவைத்தில் வீட்டு வேலைக்குப் போயிருந்தாங்க. பிள்ளைகள் இல்லை. தெல்தோட்டையில் ஒரு கடைக்குப் பின்னால் அறை எடுத்துத் தனியாக இருந்தார். கடைசி ட்ரிப் முடிஞ்சு எல்லாரும் இறங்கினதுக்குப் பிறகும் பஸ்ஸை விட்டு இறங்க மனசில்லாமல் சீட்டுகளைத் துடைச்சுக்கிட்டே இருப்பார்.

பிறகு ஒரு மழைக்காலத்தில் அந்தச் சத்தம் மாறிச்சு. தட்டு தாமதமாக வந்தது. சில நேரம் வரவே இல்லை. கண்ணாடியில் பார்த்தேன். ஒரு ஆச்சி காசை நீட்டிக்கிட்டு நிக்கிறாங்க, இவர் அந்தக் கையையே பார்த்துக்கிட்டு நிக்கிறார். வாங்கல்ல. "என்ன தம்பி?" என்று அடுத்த பஸ் ஹோல்ட்டில் நிப்பாட்டிக் கேட்டேன். "கை வரல்ல அண்ணே" என்றார். காய்ச்சல் இல்லை, கைவலி இல்லை. அந்த மாதங்களில் அவர் இளைச்சு இளைச்சு நிஜமாகவே ஊசி மாதிரி ஆனார். அப்போ ஒருத்தர்கூட ஒரு வார்த்தை கேட்கல்ல. "உடம்பைக் கட்டா வச்சிருக்கான் பாரு" என்று மெச்சின ஆட்களும் உண்டு.

எனக்கு விசயம் தெரிய வந்தது டீசல் போலிமில் நிக்கிறப்ப. நாடே வரிசையில் நின்ற காலம் அது. பேராதனை ரோட்டில் எங்களுக்கு முன்னால் கண்ணுக்கு எட்டின தூரம் வரைக்கும் பஸ்ஸும் லொறியும். ஷெட்டுக்கு டீசல் எப்போ வரும் என்று யாருக்கும் தெரியாது. டிரைவருக்கு ஓட்ட வேலை இல்லை, கொண்டக்டருக்கு நடக்க வேலை இல்லை. ரெண்டு பேரும் முதல் தடவையாக ஒரே சீட்டில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தோம். அவர் பாண் ஒன்றைப் பிச்சுப் பிச்சுத் தின்றுக்கிட்டே இருந்தார். முகத்தில் கொஞ்சம் சதை வந்திருந்தது.

"இப்ப நல்லா இருக்கே தம்பி."

"மாத்திரை அண்ணே" என்றார். பாணைப் பார்த்துக்கிட்டே சொன்னார். "லீவு நாள்ல ஆஸ்பத்திரி கிளினிக்குக்குப் போறேன். மனசுக்கு மாத்திரை குடுக்கிறாங்க."

"அது எடுத்தா என்ன செய்யுது?" என்றேன்.

"காலையில எழும்ப முடியுது அண்ணே. வேற ஒண்ணும் பெருசா இல்ல. எழும்ப முடியுது. ஆனா பசி. சாப்பிட்டுக் கை கழுவுறப்பவே பசிக்குது."

பிள்ளைகளே, இதை நல்லா விளங்கிக்கோங்க. அது பைத்தியம் இல்லை. மனசு களைச்சுக் கீழே உட்கார்ந்துக்கிற வருத்தம் அது. காலில் முறிவு வந்தால் மாவுக்கட்டு போடுற மாதிரி, அதுக்கும் வைத்தியம் இருக்கு.

பசி வந்த ஆளுக்கு எங்க வேலை நல்ல வேலை இல்லை. உங்களுக்குத் தெரியும், ரோட்டோரக் கடைகளில் பஸ்ஸை நிப்பாட்டினால் டிரைவருக்கும் கொண்டக்டருக்கும் சாப்பாடு சும்மா. கலஹாவில் நாங்கள் நிப்பாட்டுற கடைக்கார நானா, நாங்கள் உட்கார்றதுக்கு முன்னாலேயே ரோல்ஸ், பணிஸ், பால் தேத்தண்ணி எல்லாம் கொண்டு வந்து வச்சிடுவார். கொஞ்ச மாசத்தில் ஊசிக்கு சட்டை பொத்தான் பூட்ட முடியல்ல. அப்போதான் பஸ்ஸுக்கே கண் தெரிஞ்சது.

"ஊசி, நூலையும் கண்டோட விழுங்கிட்டியா?"

"எத்தனையாவது மாசம் மகன்?" என்று ஒரு ஆச்சி வயித்தைத் தொட்டே கேட்டாங்க. பஸ்ஸே சிரிச்சது. அவரும் சிரிச்சார். "பத்து முடிஞ்சிருச்சு ஆச்சி, இறங்க மாட்டேங்குது" என்றார். அவருக்கும் பகிடி வரும். ஆனால் அவர் சாகாத குறையாகக் கிடந்தப்ப வாயைத் திறக்காத பஸ், எழும்பி நடக்கத் தொடங்கினதும்தான் வாயைத் திறந்தது.

மோதிரம் இறுக ஆரம்பிச்சது. விரல் நீலமாகிப் போய், கடையில் சவுக்காரம் போட்டுச் சுத்திச் சுத்திக் கழட்டினோம். அவர் அதைக் கறுப்பு நூலில் கோர்த்துக் கழுத்தில் போட்டுக்கிட்டார். அதுக்குப் பிறகு சில்லறைக் காசால்தான் தட்டுவார். தகரத்தில் தட்டுற மாதிரி ஒரு சத்தம். எனக்குப் பழகவே இல்லை.

ஒரு நாள் பள்ளிக்கூடம் விடுற நேரம், நல்ல சனம். பின்னால் ஒரு பெண் சத்தம் போட்டது கேட்டது. "மேல விழுந்துக்கிட்டே போறியே, எரும மாடு மாதிரி! தள்ளிப் போகத் தெரியாதா?" புதுசாக ஏறின ஆள் போல, இவரைத் தெரியாது. கண்ணாடியில் பார்த்தேன். மெஷினைத் தலைக்கு மேலே தூக்கினபடி, தோளை முன்னால் விட்டபடி, ரெண்டு சீட்டுக்கு நடுவில் இறுகிப் போய் நிக்கிறார். முன்னாலும் வர முடியல்ல, பின்னாலும் போக முடியல்ல. "பட்டிருச்சா?" என்றார். படல்ல தானே என்று இல்லை. பட்டிருச்சா என்று. அதுக்குப் பிறகு அந்த ட்ரிப் முடியிற வரைக்கும் மிதிபலகையிலேயே நின்றார்.

அது போதாது என்று குவைத்தில் இருந்தும் ஏச்சு வந்தது. தெல்தோட்டையில் பகல் நேரம் பஸ் நிக்கும்போது மனைவி போனில் முகம் பார்த்துக் கதைப்பாங்க. நான் டிரைவர் சீட்டில் சாய்ஞ்சிருப்பேன், சத்தம் பஸ் முழுக்கக் கேட்கும்.

"கன்னத்தப் பாருங்க, பேக்கரி பணிஸ் மாதிரி" என்று சிரிச்சாங்க. பிறகு சிரிப்பு நின்றது. "யாரு ஆக்கிப் போடுறது?"

"கடையில தான்."

"கடைச் சோத்துல எந்த ஆம்பள இப்படிப் பூரிச்சிருக்கான்? நான் இங்க காஞ்சு கருவாடாப் போறேன். எங்க, கையக் காட்டுங்க."

காட்டினார்.

"மோதிரம் எங்க?"

"இறுகிருச்சு."

"இறுகுமே. நல்லாத்தானே போடுறா" என்று சொல்லிப் போனை வச்சிட்டாங்க. கழுத்து நூலை எடுத்துக் காட்டுறதுக்குள் போன் கறுப்பாகிப் போச்சு.

எங்க ஆட்களுக்கு இது ஒரு கணக்கு. ஆம்பளைக்குச் சதை போட்டால் எங்கேயோ ஒரு பெண் அடுப்பு மூட்டுறாள் என்று அர்த்தம். "உண்மையைச் சொல்லிரு தம்பி" என்றேன். "சொன்னா வேலைய விட்டுட்டு ஓடி வருவா அண்ணே. கட்டுற வீட்டுக்கு இன்னும் கூரை இல்ல. இல்லாட்டி அவ அண்ணன்மாருக்குச் சொல்லுவா, புருசனுக்கு மூளை சரியில்லன்னு ஊரே கதைக்கும். உடம்பு குறைஞ்சா எல்லாம் சரியாயிரும்."

உடம்பைக் குறைக்க அவர் கண்டுபிடிச்ச வழி, மாத்திரையை விடுறது. யாரிடமும் கேட்கல்ல, ஒரே அடியாக விட்டுட்டார். உடம்பு குறையிறதுக்கு முதலே பழைய வருத்தம் வந்திருச்சு. தலை சுத்துது என்பார், கண்ணுக்குள்ள கரண்ட் அடிக்கிற மாதிரி இருக்கு என்பார். மிதிபலகையில் நிக்கிற ஆள் அப்படிச் சொன்னால் எனக்கு எப்படி இருக்கும்? பிறகு அதையும் சொல்லாமல் விட்டார்.

கலஹாவுக்குக் கீழே ஒரு வளைவு ஹோல்ட். ரெண்டு தட்டு கேட்டது. நான் கிளச்சை விட்டேன். சனம் கத்தினது. பிரேக்கை மிதிச்சு இறங்கி ஓடினேன். ஒரு பெரியவர் ஒரு காலை ரோட்டிலும் ஒரு காலைப் பஸ்ஸிலுமாக, கதவுக் கம்பியைப் பிடிச்சுத் தொங்கிக்கிட்டிருந்தார். கடவுள் புண்ணியம், செருப்பு மட்டும்தான் கழண்டிருந்தது. அவர் இறங்கிறதுக்கு முதலே இவர் ரெண்டு தட்டுத் தட்டியிருக்கார். யார் மேலேயும் படாமல் நடந்த மனுசன், அந்தச் செருப்பைக் கையில் எடுத்துக்கிட்டு ரோட்டிலேயே உட்கார்ந்துட்டார். அந்தப் பெரியவர்தான் இவர் தோளைத் தட்டிக் குடுத்தார்.

அடுத்த கிளினிக் நாளைக்கு நானும் போனேன். சிங்கள டொக்டரம்மா ஒருத்தங்க. மருந்துக்கு எப்பவும் 'பெஹெத்' என்றுதான் சொன்னாங்க, ஆனால் மற்றதெல்லாம் நிதானமாகத் தமிழில். "இந்தப் பசி உங்கட பசி இல்ல. பெஹெத்தோட பசி. அது கேக்கிறதெல்லாம் குடுக்க வாணாம். சீனிய விடுங்க, பணிஸ விடுங்க, வயிறு நிறைய மரக்கறி சாப்பிடுங்க, தினம் நடங்க. நாங்க நிறை பாத்துக்கிட்டே வருவோம். சரி வரல்லன்னா வேற பெஹெத் கொஞ்சம் கொஞ்சமா மாத்தலாம். ஆனா நீங்களா நிப்பாட்ட வாணாம். உடம்பு கூடினா என்கிட்ட வந்து சண்டை போடுங்க, பெஹெத்தோட போட வாணாம்."

கலஹா நானாவுக்கு முதலில் கோபம். "என்ன தம்பி, பணிஸ் கசக்குதா? நம்ம கடையில குறை கண்டீங்களா?" இவர் மெதுவாக, "டொக்டர் சொன்னது நானா" என்றார். அடுத்த நாளில் இருந்து அவர் முன்னால் சீனி இல்லாத பிளேன்டீ ஒன்றும், அவிச்ச கடலை ஒரு பிடியும் இருந்தது. என் முன்னால் மட்டும் வழமை போல ரோல்ஸ்.

மனைவிக்கும் சொன்னார். அந்தப் பகலில், ஆளில்லாத பஸ்ஸில், முதலில் கழுத்து நூலை வெளியே எடுத்து மோதிரத்தைப் போனுக்குக் காட்டினார். பிறகு மாத்திரை அட்டையைக் காட்டினார். எல்லாம் சொன்னார். நான் இறங்கப் பார்த்தேன், "இருங்க அண்ணே" என்றார். குவைத்தில் இருந்து மனைவி கேட்டாங்க.

"அப்ப யாரும் ஆக்கிப் போடல்லயா?"

"இல்ல."

"ஒருத்தருமே இல்லயா?"

"இல்ல புள்ள. சத்தியமா யாருமே இல்ல."

அந்த அம்மா சந்தோசப்படுவாங்க என்று நினைச்சேன். அழுதாங்க. "யாராவது ஒருத்தி ஆக்கிப் போட்டிருந்தாக்கூட எனக்கு இவ்வளவு வலிச்சிருக்காதே" என்றாங்க. பிறகு மூக்கை உறிஞ்சிக்கிட்டு, "மாத்திரைய விட்டுறாதீங்க. பணிஸ் மாதிரியே இருங்க. ஆள் இருந்தா போதும்" என்றாங்க.

அவர் மாத்திரையை விடல்ல. கடைசி ட்ரிப்புக்குப் பிறகு தினம் நடந்தார். உடம்பு ஏறுறது நின்றது. ஆனால் இறங்கல்ல, பழைய ஊசி திரும்ப வரல்ல. பஸ்ஸில் சனமே ஒரு வழி கண்டுபிடிச்சாங்க. அவர் பின் கதவில் நிப்பார். முன்னால் இருக்கிறவங்க காசைக் கைக்குக் கை மாத்தி அனுப்புவாங்க, டிக்கெட்டும் அதே வழியில் கைகை‌யாகப் போகும். எரும மாடு என்று ஏசின அந்தப் பெண்ணும் ஒரு நாள் நடுவில் நின்று கை மாத்தி விட்டதைக் கண்ணாடியில் பார்த்தேன். முதலாளியும் தடுக்கல்ல. அப்படியே ஓடியிருக்கலாம்.

அவர்தான் நிப்பாட்டினார். "எல்லாரும் நல்லாத்தான் செய்றாங்க அண்ணே. ஆனா நான் நடக்கிற கொண்டக்டர். கதவுல நிக்கிற கொண்டக்டர் இல்ல. ரெண்டுல ஒண்ணத்தான் வச்சிருக்கலாம் போல. மாத்திரைய விட முடியாது. பஸ் நடைபாதைய விட்டுர்றேன்."

தெல்தெனியவில் டைம் கீப்பர் வேலை கிடைச்சது. அங்கேயே அறை. கடைசி நாளில் எல்லாரும் இறங்கினதும் சீட்டுகளை ஒவ்வொன்றாகத் துடைச்சுட்டு, துணியை என் சீட்டில் மடிச்சு வச்சிட்டுப் போனார்.

போன கிழமை நீங்க ஐஸ்கிறீம் வாங்கப் போனப்பதான் அவரோட கதைச்சேன். "உள்ள வாங்கன்னு சொல்ல ஆசைதான் அண்ணே, எனக்கே வாடகை இடம் மாதிரித்தான் இருக்கு" என்று சிரிச்சார். மனைவி லீவில் வந்து ஒரு மாசம் இருந்துட்டுத் திரும்பிப் போயிட்டாங்களாம். "அவ ஆக்கிப் போட்ட அந்த மாசம்தான் அண்ணே கொஞ்சம் குறைஞ்சேன். ஊரு கணக்கு தலைகீழாப் போச்சு. தனியா உட்கார்ந்தாத்தான் பாண் தீருது." மருந்து இன்னும் எடுக்கிறார். பின்னேரத்தில் நீர்த்தேக்கம் பக்கமாக நடக்கிறார். பக்கத்தில் யாரும் வாறதில்லை.

"புதுக் கொண்டக்டர் சனத்துக்குள்ள எப்படிப் போறாரு?" என்று கேட்டார்.

"இடிச்சுக்கிட்டுத்தான்."

"சொல்லிக் குடுங்க அண்ணே."

"எனக்கு எப்படித் தெரியும்? நான் முன்னால பார்த்துக்கிட்டிருந்தவன் தானே."

ஒரு பஸ் வந்து நின்றது, நேரம் குறிக்கத் திரும்பிட்டார்.

நேத்துப் பகல் தெல்தோட்டையில் பஸ்ஸைக் கழுவி முடிச்சேன். புதுக் கொண்டக்டர் சாப்பிடப் போயிருந்தார். நான் பின் கதவால் ஏறினேன். இத்தனை வருசத்தில் அந்தக் கதவால் நான் ஏறினதே இல்லை. பஸ் துடைச்ச துணியை டிக்கெட் மெஷின் மாதிரித் தலைக்கு மேலே தூக்கிக்கிட்டு, ஒரு தோளை முன்னால் விட்டு, மூச்சை இழுத்துப் பிடிச்சு நடந்தேன். நடுவில் என் வயிறு சீட்டுக் கம்பியில் உரசினது. திரும்பப் பின்னால் போய் முதலில் இருந்து வந்தேன். இந்தத் தடவை உரசல்ல. திரும்பிப் பார்த்து, ஈரம் காயாத சீட்டுகளிடம், "படல்ல தானே?" என்று கேட்டேன்.

பிறகு முன்னால் வந்து, மேல் கம்பியில் என் கல்யாண மோதிரத்தால் ரெண்டு தட்டுத் தட்டினேன். அவர் தட்டின அதே சத்தம்தான். டிரைவர் சீட்டில் ஆளில்லை. பஸ் அப்படியே நின்றது.